கடித்த பிறகு பல்லைப் பிடுங்கி என்ன பயன்?

கேள்வி இதுதான்: "பாக்டீரியாவைக் கொல்லாமல், நோயைக் கிளப்பிவிடும் அதன் நொதிகளை மட்டும் முடக்கிவைக்கும் வேதிப்பொருள்கள் உண்டு என்று படித்தேன். கொல்லாததால் மருந்தெதிர்ப்பும் வராதாம். பிறகு ஏன் அவை இன்னும் மருந்தாக வரவில்லை?"

பாம்பை அடிக்க வேண்டாம், பல்லைப் பிடுங்கிவிட்டால் போதும் என்கிற யோசனை இது. கேட்டதும் யாருக்கும் பிடித்துப்போகும். எனக்கும் பிடித்துப்போய்த்தான், இந்த வகைத் தடுப்பான்களைத் தேடும் ஆய்வுக்கூடம் ஒன்றில் சில வருடங்கள் இருந்தேன். யோசனையில் பிழையில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் பாம்பு கடித்த பிறகுதான் ஆள் மருத்துவரிடம் வருகிறார். அந்த நேரத்தில் பிடுங்குவதற்குப் பல் மிச்சமிருக்கிறதா, விஷம் ஏற்கெனவே ஏறிவிட்டதா என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு தடுப்பானின் தலையெழுத்தும் அமைகிறது.

எந்த நொதிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியா உயிர்வாழத் தேவையான நொதிகள் வேறு, உடம்புக்குள் அட்டகாசம் செய்யத் தேவையான நொதிகள் வேறு. செல்சுவரைக் கட்டும் நொதியைப் பெனிசிலின் அடைத்துவிட்டால் பாக்டீரியா செத்துப்போகும். அது முதல் வகை. புரதங்களை வெட்டித் திசுவை அரிக்கும் புரோட்டியேஸ் நொதிகள், மனித செல்லுக்குள் புகுந்து அங்குள்ள புரதங்களை வெட்டும் நச்சுகள், வெள்ளணுக்களின் தாக்குதலைத் தாங்கும் கவசத்தைத் தயாரிக்கும் நொதிகள், உடம்பில் பற்றிக்கொள்ளும் கொக்கிகளைச் செல்சுவரில் மாட்டும் நொதிகள் எல்லாம் இரண்டாம் வகை. இரண்டாம் வகை நொதி ஒன்றின் மரபணுவை நீக்கிவிட்டுப் பாருங்கள். கண்ணாடிக் குடுவையில் பாக்டீரியா கொழுகொழுவென்று வளரும், எலிக்குள் செலுத்தினால்தான் சொங்கிப்போய்க் கிடக்கும். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துத் தரப்படும் கிளாவுலானிக் அமிலத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அதுவும் ஒரு பாக்டீரிய நொதியைத் தடுப்பதுதான். ஆனால் அந்த நொதி சிதைப்பது ஆன்டிபயாடிக்கை, நம் உடம்பை அல்ல. அது வேறு கதை.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பெயரில் உள்ள 'ஆரியஸ்' என்றால் லத்தீனில் பொன் நிறம். 1884-இல் ரோசன்பாக் அந்தப் பெயரை வைத்ததே அதன் கூட்டங்கள் தட்டில் பொன்மஞ்சளாக வளர்வதைப் பார்த்துத்தான். அந்த மஞ்சள் வெறும் அலங்காரமில்லை. ஸ்டாஃபிலோசாந்தின் என்ற அந்த நிறமி, நம் வெள்ளணுக்கள் பாக்டீரியாவின் மேல் கொட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றப் பொருள்களைத் தாங்கிக்கொள்ளும் கவசம். அதைத் தயாரிக்கும் வரிசையில் முதல் படியைச் செய்வது சிஆர்டிஎம் என்ற நொதி. மனித உடலில் கொலஸ்ட்ரால் தயாராகும் பாதையில் உள்ள ஸ்குவாலீன் சிந்தேஸுக்கு அது கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. அப்படியானால் கொலஸ்ட்ராலைக் குறைக்க என்று உருவாக்கிய மூலக்கூறுகள் இதையும் தடுக்குமா? 2008-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு அதைத்தான் செய்து பார்த்தது. பிபிஎச்-652 என்ற மூலக்கூறைச் சேர்த்து வளர்த்ததும் பொன்மஞ்சள் கூட்டங்கள் வெள்ளையாகிவிட்டன. வளர்ச்சி குறையவில்லை, நிறம் மட்டும் போயிற்று. அப்படி வெளுத்த பாக்டீரியா மனித இரத்தத்தில் எளிதாக மடிந்தது. மருந்து கொடுத்த எலிகளின் சிறுநீரகத்தில் பாக்டீரியாவின் எண்ணிக்கை சராசரியாக 98% குறைந்திருந்தது.

அழகான வேலை, சந்தேகமேயில்லை. ஆனால் செய்முறையை நிதானமாகப் படித்தால் ஒன்று உறுத்தும். அந்த எலிகளுக்கு மருந்தைக் கொடுக்கத் தொடங்கியது தொற்றுக்கு முந்தைய நாளே. நோயாளிகள் யாரும் நோய் வருவதற்கு முந்தைய நாள் வந்து வரிசையில் நிற்பதில்லை. இன்னொரு விஷயமும் உண்டு. வெள்ளணுக்களால் ஆக்சிஜனேற்றப் பொருள்களைத் தயாரிக்கவே முடியாத ஒரு பிறவிக் குறைபாடு இருக்கிறது. அத்தகையவர்களின் வெள்ளணுக்களுக்கு முன்னால் மஞ்சள் பாக்டீரியாவும் வெள்ளைப் பாக்டீரியாவும் ஒன்றுதான் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. அடிப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் கவசத்தைக் கழற்றி என்ன ஆகப்போகிறது? இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் இந்த நிபந்தனை பொருந்தும். மருந்து பாதி வேலையைத்தான் செய்யும், மீதியை நோயாளியின் எதிர்ப்பாற்றல் முடித்துக்கொடுக்க வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் வெள்ளணுக்கள் சரிந்துபோனவருக்கு, அதாவது புது மருந்து மிகவும் தேவைப்படுகிறவருக்கே, இது குறைவாக உதவும்.

அதே பாக்டீரியாவிடம் இன்னொரு பிரபலமான இலக்கு உண்டு: சார்ட்டேஸ் ஏ. 1999-இல் ஓலாஃப் ஷ்னீவின்ட் குழு கண்டுபிடித்தது. பாக்டீரியா தயாரிக்கும் சில புரதங்களின் வால்பகுதியில் லியூசின், புரோலின், ஏதோவொரு அமினோ அமிலம், திரியோனின், கிளைசின் என்று ஐந்தெழுத்து முத்திரை இருக்கும். சார்ட்டேஸ் அந்த முத்திரையைப் பார்த்து, திரியோனினுக்கும் கிளைசினுக்கும் நடுவே வெட்டி, வெட்டிய முனையைச் செல்சுவரில் தைத்துவிடும். சுமார் 20 புரதங்கள் இப்படித்தான் சுவரில் ஏறுகின்றன. இரத்த உறைவுப் புரதமான ஃபைப்ரினோஜெனைப் பிடித்துக்கொள்ளும் கொக்கியும் அதில் ஒன்று. ஆன்டிபாடிகளைத் தலைகீழாகப் பிடித்துச் செயலிழக்கவைக்கும் புரதம்-ஏ இன்னொன்று. ஒரே நொதியை அடைத்தால் இத்தனையும் சுவரில் ஏறாது. நொதியும் செல்சவ்வின் வெளிப்புறத்தில் இருப்பதால் மருந்து உள்ளே நுழையத் தேவையில்லை. மனிதனிடம் இதைப் போன்ற நொதியும் கிடையாது. மருந்துக்காகவே அளவெடுத்துத் தைத்த இலக்கு என்று எல்லோரும் பாய்ந்தார்கள். நாங்களும் பாய்ந்தோம்.

எங்கள் அனுபவத்தைச் சொன்னால்தான் இந்த வேலையின் நிஜம் புரியும். சார்ட்டேஸைச் சோதிக்க, அந்த ஐந்தெழுத்து முத்திரை கொண்ட சின்னப் பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துண்டு, ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையில் ஒளிரும் மூலக்கூறு, மறுமுனையில் அந்த ஒளியை விழுங்கும் மூலக்கூறு. நொதி நடுவில் வெட்டினால் இரண்டும் பிரிந்து ஒளி கூடும். ஒளி கூடாவிட்டால் நொதி அடைபட்டுவிட்டது என்று கணக்கு. ஒருநாள் ஒரு மூலக்கூறு வரைபடத்தையே படுக்கவைத்துவிட்டது. மூன்று முறை திரும்பச் செய்தோம், மூன்று முறையும் அதே முடிவு. அந்த வாரம் எங்களுக்குத் தரையில் கால் பாவவில்லை. அடுத்த வாரம் வேறொரு துறையிலிருந்து வந்திருந்த ஒருவர், "டிட்டர்ஜென்ட் போட்டுப் பார்த்தீர்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார். டிரைட்டான் எக்ஸ்-100 துளியளவு, 0.01%, சேர்த்ததும் தடுப்பு முழுவதும் மறைந்துபோயிற்று. எங்கள் மூலக்கூறு தண்ணீரில் கரையாமல் நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு, நொதியைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டிருந்திருக்கிறது. எந்த நொதியைப் போட்டிருந்தாலும் அதையே செய்திருக்கும். அது தடுப்பான் இல்லை, பசை. டிட்டர்ஜென்ட் சேர்ப்பது அப்போதே பலரும் செய்துவந்த எளிய சரிபார்ப்பு. அவசரத்தில் நாங்கள்தான் தவிர்த்துவிட்டோம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பாக்டீரிய நொதிகளைத் தடுக்கும் இயற்கைப் பொருள்கள் என்று வரும் ஆய்வுக் கட்டுரைகளில் மஞ்சளில் உள்ள குர்குமின், தாவரங்களில் உள்ள குவெர்சிடின் போன்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். சார்ட்டேஸ் தடுப்பான் பட்டியலிலும் குர்குமின் இருக்கிறது. அடர்ந்த நிறம் கொண்டது, தானே ஒளிரக்கூடியது, புரதங்களோடு கண்டபடி வினைபுரிவது, நீரில் சிதைவது என்று ஒளியை அளந்து பார்க்கும் சோதனையைக் குழப்பக்கூடிய எல்லாக் குணங்களும் அதற்கு உண்டு. அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றி "தடுக்கிறது" என்று படித்தால், எந்த முறையில் அளந்தார்கள் என்று பார்க்காமல் நம்பாதீர்கள்.

ஒன்றுகூட மருந்தாக வரவில்லை என்று நினைக்க வேண்டாம். அதிகம் பேசப்படாத ஒன்று 1983-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதலோடு வந்துவிட்டது. அசிட்டோஹைட்ராக்சாமிக் அமிலம் என்று பெயர். அது தடுப்பது யூரியேஸ் நொதியை. நொதிகளில் முதன்முதலில் படிகமாக்கப்பட்டதும் யூரியேஸ்தான்: 1926-இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரை விதையிலிருந்து பிரித்தெடுத்தார், 1946-இல் நோபல் பரிசும் கிடைத்தது. புரோட்டியஸ் போன்ற பாக்டீரியா சிறுநீர்ப் பாதையில் குடியேறி, யூரியேஸால் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். சிறுநீர் காரத்தன்மை அடையும். மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து கல்லாகப் படியும். அந்தக் கல்லுக்குள்ளேயே பாக்டீரியா பதுங்கிக்கொள்வதால் ஆன்டிபயாடிக் அங்கே எட்டுவதில்லை. அசிட்டோஹைட்ராக்சாமிக் அமிலம் யூரியேஸின் நடுவில் உள்ள இரண்டு நிக்கல் அணுக்களையும் கவ்விக்கொண்டு நொதியை நிறுத்துகிறது. பாக்டீரியா சாகாது, கல் வளர்வது குறையும்.

கல் ஒரே இரவில் வளர்வதில்லை என்பது இங்கே முக்கியம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வேலைசெய்யும் நொதி இது. நோயாளி எந்த நாளில் வந்தாலும் நாளைய சேதத்தைத் தடுக்க இடமிருக்கிறது. அதனால்தான் இந்த ஒன்று கரையேறியது. ஆனாலும் அரைகுறையாகத்தான் ஏறியது. தலைவலி, இரத்தச் சிவப்பணு சிதைவு, கால் நாளங்களில் இரத்தக்கட்டி என்று பக்கவிளைவுகள் நீளம். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கொடுக்க முடியாது. உலோகத்தைக் கவ்வும் மூலக்கூறுகளின் பொதுவான சங்கடம் இது. நம் நொதிகளிலும் உலோகங்கள் இருக்கின்றனவே. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரியும் அமிலத்தைத் தாங்குவது யூரியேஸின் தயவில்தான். அங்கே பயன்படும் நல்ல யூரியேஸ் தடுப்பானை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது ஆந்த்ராக்ஸ். அதன் கொல்நச்சுக் காரணி, துத்தநாகத்தை நடுவில் வைத்திருக்கும் ஒரு புரோட்டியேஸ். மனித செல்லுக்குள் போய், சமிக்ஞை கடத்தும் எம்இகே வகைப் புரதங்களை நறுக்கிப்போடும் என்பது 1998-இல் தெரியவந்தது. எதை வெட்டுகிறது, எங்கே வெட்டுகிறது, வெட்டும் இடத்தின் வடிவம் என்ன என எல்லாம் தெரியும். சோதனைக்குழாயில் பிரமாதமாகத் தடுக்கும் மூலக்கூறுகள் பலவும் உண்டு. ஆனால் நோயாளியிடம் அறிகுறிகள் முற்றித் தெரியும்போது நச்சு ஏற்கெனவே செல்களுக்குள் இருக்கும். 1954-லேயே ஹாரி ஸ்மித்தும் ஜேம்ஸ் கெப்பியும் கினிப்பன்றிகளில் காட்டினார்கள்: குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டிவிட்டால், ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத் துடைத்தெடுத்தாலும் விலங்கு இறந்துவிடுகிறது. தடுப்பான் செல்லுக்குள் நுழைய வேண்டும், வேகமாக நுழைய வேண்டும், ஏற்கெனவே வெட்டுப்பட்ட புரதங்களை அது ஒட்டவைக்காது. 2001-இல் அமெரிக்காவில் கடித உறைகள் வழியாகப் பரவிய ஆந்த்ராக்ஸில் 22 பேர் பாதிக்கப்பட்டு 5 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பணம் தாராளமாகவே பாய்ந்தது. கடைசியில் 2012-இல் ஒப்புதல் பெற்றது நொதித் தடுப்பான் இல்லை, ராக்ஸிபாகுமாப் என்ற ஆன்டிபாடி. அது நச்சு செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவுப் புரதத்தை வெளியிலேயே பிடித்துக்கொள்கிறது. உள்ளே போய் மல்லுக்கட்டுவதைவிட வாசலில் நிறுத்துவது எளிது என்று ஆகிவிட்டது.

கெட்டுப்போன உணவில் உருவாகும் பாட்டுலினம் நச்சின் கதை வேறு. அதன் ஏ வகையில் உள்ள நொதி நரம்பு முனைக்குள் புகுந்து, 206 அமினோ அமிலம் நீளமுள்ள ஸ்னாப்-25 புரதத்தின் கடைசி ஒன்பதை மட்டும் நறுக்கும். அவ்வளவுதான் சேதம், ஆனால் தசைக்குச் செய்தி போவது நின்றுவிடும். ஏ வகை நச்சு உள்ளே மாதக்கணக்கில் உயிரோடு இருப்பதால், தாமதமாகக் கொடுத்தாலும் தடுப்பானுக்கு வேலை இருக்கிறது. கொள்கையளவில் இது நல்ல இலக்கு. சிக்கல் வேறு இடத்தில். இந்த நொதி தன் இரையைச் சின்ன வாயால் கடிப்பதில்லை, உடம்பெல்லாம் சுற்றவிட்டுப் பிடிக்கிறது. அவ்வளவு பெரிய பிடிப்பைச் சின்ன மூலக்கூறு ஒன்றைக் கொண்டு விலக்குவது, மலைப்பாம்பின் பிடிக்குள் குண்டூசியைச் செருகுவது மாதிரி.

நேரம் ஒத்துவரும் நோய் என்று நான் நினைப்பது குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் குடல் தொற்று. அதன் பி நச்சு, குடல் செல்லுக்குள் போனதும் நம் செல்லில் உள்ள இனோசிட்டால் ஹெக்சாபாஸ்பேட்டைத் தொட்டு விழித்துக்கொண்டு, தன்னைத்தானே வெட்டித் தலைப்பகுதியை உள்ளே விடுவிக்கும். அந்தத் தலை, செல்லின் வடிவத்தைக் காக்கும் ரோ வகைப் புரதங்களின் மேல் குளுக்கோஸை ஒட்டி அவற்றைச் செயலிழக்கச் செய்யும். ஆக இரண்டு நொதி வேலைகள், இரண்டு இலக்குகள். செலினியம் கொண்ட எப்செலன் என்ற மூலக்கூறு இந்தத் தன்வெட்டைத் தடுத்து எலிகளின் குடல் சேதத்தைக் குறைத்தது என்று 2015-இல் காட்டினார்கள். எப்செலனுக்குப் புரதங்களில் உள்ள எந்த சிஸ்டீன் அமினோ அமிலத்தைப் பார்த்தாலும் கைகொடுக்கும் சுபாவம் உண்டு, அதனால் அதையே மருந்தாக நான் நம்பமாட்டேன். இலக்கு மட்டும் நல்ல இலக்கு. காரணம், இந்தத் தொற்றின் பெரிய தலைவலி முதல் தடவை வருவதில்லை, குணமான பின் திரும்பத் திரும்ப வருவது. அதாவது, பாம்பு அடுத்து எப்போது கடிக்கக்கூடும் என்று முன்கூட்டியே தெரிகிற அபூர்வமான நோய் இது. பி நச்சைப் பிடிக்கும் பெஸ்லோடாக்ஸுமாப் ஆன்டிபாடியை வழக்கமான ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோய் திரும்புவது ஒரு பெரிய சோதனையில் 28%-இலிருந்து 17% ஆகவும் இன்னொன்றில் 26%-இலிருந்து 16% ஆகவும் குறைந்தது. 2016-இல் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஜனவரியோடு தயாரிப்பாளரே அதை நிறுத்திவிட்டார். அறிவியலில் தேறிய மருந்தும் கடையில் நிலைக்கும் என்று உறுதியில்லை.

இலக்கையே தவறாகப் பிடித்த கதையும் ஒன்று. ஈறு நோய்க்குக் காரணமான போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், ஜிஞ்சிபெயின் என்ற புரோட்டியேஸ்களைச் சுரக்கிறது. அவை அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இருப்பதாக 2019-இல் ஒரு கட்டுரை வந்தது. அட்டுசாகின்ஸ்டாட் என்ற தடுப்பானை 643 பேரிடம் சோதித்தார்கள். 2021 அக்டோபரில் முடிவு வந்தது: ஞாபகச் சரிவு மெதுவாகவில்லை. கல்லீரல் பாதிப்புக் கவலையும் சேர்ந்துகொண்டது. அந்த நொதிதான் அந்த நோயை நடத்துகிறது என்று முதலில் நிரூபணமாக வேண்டாமா? ஈறு நோய்க்கென்றே தனியாகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

சரி, "எதிர்ப்பு வராது" என்ற பேச்சுக்கு வருகிறேன். இது பாதி உண்மை. கொல்லாத மருந்தை எதிர்ப்பதால் பாக்டீரியாவுக்குக் கிடைக்கும் லாபம் குறைவு, அவ்வளவுதான். லாபம் எவ்வளவு குறைவு என்பது நொதி யாருக்கு உதவுகிறது என்பதைப் பொறுத்தது. வெளியே சுரந்து கலந்துவிடும் புரோட்டியேஸ் பொதுச்சொத்து. ஒரு செல் மட்டும் மருந்தை எதிர்த்து அதைச் சுரந்தால், பலன் பக்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் போகும், செலவு மட்டும் அதற்கு. எனவே எதிர்ப்பு மெதுவாகப் பரவும். மஞ்சள் நிறமி மாதிரித் தன் உடம்பில் போர்த்திக்கொள்ளும் கவசம் சொந்தச் சொத்து. அங்கே எதிர்க்கும் செல்தான் பிழைக்கும், எதிர்ப்பும் வழக்கம்போல வரும். மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகளும் இருக்கின்றன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் செல்கள் வேதிச் சமிக்ஞைகளால் தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் புரோட்டியேஸ் போன்றவற்றைச் சேர்ந்து சுரக்கும்; அந்தச் செல்-செல் பேச்சைக் குலைக்கும் ஃபியூரனோன் என்ற மூலக்கூறு ஒன்றுக்கு இந்த வழியிலேயே எதிர்ப்பு வந்ததை 2012-இல் காட்டினார்கள்.

இதைவிட விசித்திரமானது 2010-இல் வந்தது. செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்திய நோயாளிகளிடம் சூடோமோனாஸ் இருக்கும்போது, அந்தப் பேச்சை அடக்கும் அசித்ரோமைசினைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து கொடுக்காதவர்களிடம் என்ன நடந்தது தெரியுமா? தாம் எதையும் சுரக்காமல் பிறர் சுரப்பதில் உண்ணும் சோம்பேறி செல்கள் தாமாகவே பெருகி, கூட்டத்தின் வீரியம் தானே தணிந்தது. மருந்து கொடுத்தவர்களிடம் எல்லாச் செல்களும் சும்மா இருந்ததால் சோம்பேறிகளுக்குத் தனி லாபமில்லை. வீரியமுள்ள மூலவகையே நிலைத்தது.

நடைமுறைத் தடைகளை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் மருந்து வேலைசெய்கிறதா என்று பார்க்கும் வழி, 96 குழிகள் கொண்ட தட்டில் எந்தக் குழி கலங்காமல் தெளிவாக இருக்கிறது என்று பார்ப்பது. நம் மருந்தைப் போட்டால் 96-ம் கலங்கித்தான் இருக்கும். எந்த பாக்டீரியா என்று சில மணிநேரத்துக்குள் தெரியாவிட்டால், ஒரே ஒரு இனத்துக்கு மட்டும் வேலைசெய்யும் மருந்தைத் துணிந்து தொடங்கவும் முடியாது. ஆன்டிபயாடிக் கொடுக்காமல் இதை மட்டும் கொடுத்துச் சோதிக்க எந்த அறநெறிக் குழுவும் சம்மதிக்காது. சேர்த்துக் கொடுத்தாலோ கூடுதல் பலனைக் காட்ட நிறைய நோயாளிகள் வேண்டும்.

ஆனால் கொள்கை மருத்துவர்களுக்குப் புதிதில்லை. சதையை அரிக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றில் பெனிசிலினோடு கிளிண்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்ப்பது, அது புரதத் தயாரிப்பை நிறுத்தி நச்சு உற்பத்தியைக் குறைக்கும் என்பதற்காகவும்தான். என்னிடம் பந்தயம் கட்டச் சொன்னால், மெதுவாக நடக்கும் நோய்களிலும் திரும்பி வரும் நோய்களிலும்தான் கட்டுவேன்: யூரியேஸ், டிஃபிசிலின் நச்சு, நாள்பட்ட நுரையீரல் தொற்றில் சூடோமோனாஸ் சுரக்கும் லாஸ்பி எலாஸ்டேஸ் என்ற புரோட்டியேஸ். மூன்றுமே ஆன்டிபயாடிக்குக்குப் பக்கத்தில் துணையாக நிற்கும் மருந்துகளாகத்தான் வரும். தனியாக நின்று காய்ச்சலை இறக்கும் மாத்திரையை எதிர்பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அது இந்தப் பக்கத்திலிருந்து வராது.